முன்பின் தெரியாத வகுப்புத் தோழர்களோடு பள்ளிக் குறும்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு முடிந்து வேறு வேறு பள்ளிகளிலிருந்து பிளஸ் ஒன்னுக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். யார் பெயரும் சரியாக மனதில் நிற்கவில்லை. அதற்குள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆறு ஆறு பேராகப் பிரித்து, "நாலு வாரத்தில் நாலு நிமிஷக் குறும்படம்" என்று சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் அந்த ஆறு பேருக்காக. செல்போனில்தான் எடுக்கப் போகிறீர்கள், செலவுக்குப் பணம் இல்லை என்று வைத்துக்கொண்டே கீழே உள்ள கணக்குகள் போடப்பட்டிருக்கின்றன.

முதல் நாள் உட்கார்ந்ததும் எதைப் பேசுவது?

கதையைப் பேசாதீர்கள். அறிமுகம் இல்லாதவர்கள் கதையில் தொடங்கினால், வாய் உள்ளவர் கதையே கதையாகிவிடும். மற்ற ஐந்து பேரும் அன்றே பாதி விலகிவிடுவார்கள்.

ஒரு முழுத்தாளை எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், டியூஷன் இல்லாத நாட்கள், மாலை எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், போன் யாருடையது, எந்தப் பேருந்தில் போக வேண்டும். நான்காவது கட்டம்தான் முக்கியம். பாதிப் பேர் வைத்திருப்பது அப்பாவின் போனாகவோ அண்ணனின் போனாகவோ இருக்கும், அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். ஐந்தரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு என்கிறவரும் இருப்பார். இது தெரியாமல், மாலை ஆறு மணிக்குக் குழுவில் போட்ட செய்திக்குப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில்தான் பெரும்பாலான மனக்கசப்பு தொடங்குகிறது.

தாளை நிரப்பியதும் யாருக்குக் குறைவான நாட்கள் இருக்கின்றனவோ அவரைச் சுற்றி அட்டவணை போடுங்கள். அவர் நடிகரானால் அவர் காட்சிகள் முதல் நாளிலேயே முடியட்டும்.

யாருக்கு எந்த வேலை என்று எப்படிப் பிரிப்பது?

ஆறு பேருக்கு ஆறு பொறுப்பு: இயக்கம், கேமரா, ஒலி, கன்டினியூட்டி, எடிட்டிங், ஏற்பாடு. கன்டினியூட்டி என்றால் ஒரே காட்சிக்குள் உடையும் பொருளும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது. நடிப்பு தனிப் பொறுப்பு அல்ல. நடிப்பவர் தனக்குக் காட்சி இல்லாத நேரத்தில் இதில் ஒன்றைப் பார்த்துக்கொள்வார். ஏற்பாடு என்றால் அனுமதிக் கடிதம், பவர் பேங்க், தண்ணீர், யார் எப்போது வர வேண்டும் என்ற தகவல். கேட்பதற்குச் சின்ன வேலை, ஆனால் படம் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

"எல்லாரும் சேர்ந்து எல்லாவற்றையும் செய்வோம்" என்பது நெருங்கிய நண்பர்களுக்குச் சரிப்படும். புதியவர்களிடம் அதற்கு அர்த்தம், யாரும் எதையும் செய்யாமல் இருப்பதுதான். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பெயர், அதன் பக்கத்திலேயே மாற்று ஆள் ஒருவர். ஆறு பேரும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னால் மதிப்பெண் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

போன் வைத்திருப்பவர்தான் கேமராமேன் என்று இல்லை. போன் அவருடையதாக இருக்கட்டும், எடுப்பது கை நடுங்காதவராக இருக்கட்டும்.

கதையில் ஒத்துவரவில்லை என்றால்?

ஆளுக்கு ஐந்து வரியில் ஒரு கதை, பெயர் போடாமல். ஆறு சீட்டையும் ஒருவரே வாசிக்கட்டும். ஓட்டுக்கு விடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வடிகட்டுங்கள்: பள்ளி வளாகம், இரண்டு வீடு, ஒரு தெரு இவற்றுக்குள் எடுக்க முடியுமா? பேசும் பாத்திரங்கள் மூன்றுக்குள் அடங்குமா? இரவுக் காட்சி இல்லாமல் சொல்ல முடியுமா? வசனம் இல்லாமல் பார்த்தாலும் பாதி புரியுமா? இதில் தேறுவது இரண்டோ மூன்றோதான். அப்புறம் ஓட்டு.

பள்ளிப் படம் என்றதும் குடிகாரத் தந்தை, தற்கொலை, கடைசியில் கறுப்புத் திரையில் அறிவுரை என்று கை தானாகப் போகும். பதினாறு வயதுப் பையன் மை மீசை வைத்துத் தந்தையாக வந்தால் சோகக் காட்சியில் வகுப்பே சிரிக்கும். உங்கள் வயதுப் பாத்திரங்களையே எழுதுங்கள். தற்கொலையைக் காட்சியாக எடுக்க வேண்டாம். பார்ப்பவர்களில் யாருக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பொதுவாகப் பேச எதுவும் இல்லையே என்று தயங்கினால், எல்லாரும் பார்த்த ஒரு படத்தில் தொடங்கலாம். தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் சிறார் திரைப்படங்களைத் திரையிடுகிறார்கள். அங்கே படித்து வந்தவர்கள் ஒரே படத்தை வெவ்வேறு ஊரில் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அதில் பிடித்த ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால், யாருக்கு முகம் நினைவிருக்கிறது, யாருக்குச் சத்தம் நினைவிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நேராகப் படத்துக்கே போய்விடலாமா, அதற்கு முன் ஏதாவது எடுத்துப் பார்க்கலாமா?

முதல் வாரத்திலேயே ஒரு நிமிடச் சோதனைப் படம் எடுங்கள். பழக்கத்தை அது ஏற்படுத்துகிற அளவுக்கு எந்த அறிமுகப் பேச்சும் ஏற்படுத்தாது. பேனா கடன் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே ஷாட் (கேமராவை ஓட விட்டு நிறுத்தும் வரை எடுக்கும் ஒரு துண்டு) போதும்:

ஒன்று, இரண்டு பெஞ்சும் தெரிகிற வைடு ஷாட், தேர்வு நடக்கிறது. இரண்டு, பேனா மை நின்றுபோய்த் தாளில் கீறுவது, க்ளோசப். மூன்று, எழுதுபவர் வலது பக்கம் திரும்பிப் பார்ப்பது. நான்கு, பக்கத்து பெஞ்சுக்காரரின் தயக்கம். ஐந்து, மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் நீட்டும் கை. ஆறு, தேர்வு முடிந்து காலியான பெஞ்சில் மூடி மட்டும் கிடப்பது.

வசனமே இல்லை. ஆனாலும் முதல்முறை எடுக்கும்போது நான்காவது ஷாட்டில் கட்டாயம் தப்பு வரும். மூன்றாவது ஷாட்டில் ஒருவர் திரையின் வலது பக்கம் பார்த்தால், நான்காவதில் மற்றவர் இடது பக்கம் பார்க்க வேண்டும். கேமராவைப் பெஞ்சின் மறுபக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள், மூன்றாமவர் யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும். ஒருவரிடமிருந்து மற்றவர் வரை தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கேமரா அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கத்தில் நின்றால் போதும். படப்பிடிப்புத் தளத்தில் "லுக் மாறிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

இந்த ஒரு மணி நேரத்தில் ஆட்களும் தெரிந்துவிடுவார்கள். மூடி எந்தக் கையில் இருந்தது என்று கவனித்தவர் கன்டினியூட்டிக்கு. நான்காவது டேக்கிலும் (அதே ஷாட்டை நான்காவது முறை எடுக்கும்போதும்) பொறுமையாக நின்றவர் நடிப்புக்கு. "ஃபேன் சத்தம் கேட்குதே" என்றவர் ஒலிக்கு. தாளில் எழுதிய பொறுப்புகளை இதன் பிறகு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இயக்குநர் ஆனதும் ஒருவர் அதட்ட ஆரம்பித்துவிட்டார். என்ன செய்வது?

பழகிய நண்பனிடம் "டேய், தள்ளி நில்லுடா" என்றால் தள்ளி நிற்பான். பத்து நாள் பழக்கத்தில் அதே வாக்கியம் அவமரியாதை. மாணவிகள் இருக்கும் குழுவில் இது இன்னும் கூர்மையாகும். ஆகவே ஷூட்டிங் நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் "வாங்க, போங்க" என்றே பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சிரிப்பாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

இன்னொரு ஏற்பாடு: "ஆக்‌ஷன்", "கட்" இரண்டும் இயக்குநர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும். கேமரா சரியில்லை என்றால் கேமராவில் இருப்பவர் சொல்லலாம், சத்தம் சரியில்லை என்றால் ஒலியில் இருப்பவர் சொல்லலாம், நடிப்பைப் பற்றி இயக்குநர் மட்டும். ஒரு டேக் முடிந்ததும் நாலு பேர் நாலு திருத்தம் சொன்னால் நடிப்பவர் உறைந்துபோவார்.

கேமரா முன்னால் கூச்சப்படுகிறார், வசனம் வரவில்லை.

வேடிக்கை பார்ப்பவர்களை முதலில் அனுப்புங்கள். பக்கத்து வகுப்பு ஜன்னலில் பத்துத் தலை தெரிந்தால் யாருக்கும் வசனம் வராது. பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று முறை ஒத்திகை. ஒரு மூச்சில் சொல்ல முடியாத வசனத்தை இரண்டாக உடையுங்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள், டிபன் பாக்ஸ் கழுவுவதோ சைக்கிள் பூட்டுத் திறப்பதோ. கை வேலையில் இருந்தால் முகம் இளகும்.

எழுதியவரின் பேச்சு வழக்கில் மற்றவரைப் பேச வைக்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர் சென்னைத் தமிழில் பேச முயன்றால் ஒவ்வொரு வரியும் ஒப்பிப்பதுபோல் ஒலிக்கும். கருத்தைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு அதையே வசனமாக்குங்கள். கதையில் அண்ணன் தம்பியாக வருகிறவர்கள் மட்டும் ஒரே வழக்கில் பேச வேண்டும்.

நான்கு நிமிடப் படத்துக்கு எத்தனை நாள் ஷூட்டிங்?

சுமார் 40 ஷாட் என்று வையுங்கள். புதிய குழு மூன்று மணி நேரத்தில் 12 முதல் 15 ஷாட் எடுக்கும். ஆக மூன்று அரை நாள், தவறுக்கு ஒரு அரை நாள். சனிக்கிழமை காலைகள் நல்லது. காலை 7.30 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 5.30 வரையும் வெளியே வெளிச்சம் சாய்வாக விழும். நடுப்பகலில் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போது கண் குழியில் நிழல் விழும், போனும் சூடேறிப் பதிவை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஜன்னலோர உள்காட்சிகளை எடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தின் இருண்ட பாதிக்கு வெளிச்சம் திரும்பும்.

இடக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 40 ஷாட், தலா 4 டேக், ஒரு டேக் 20 நொடி என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். 1080பி தரத்தில் ஒரு நிமிடத்துக்குப் போனைப் பொறுத்து 60 முதல் 130 எம்பி வரை ஆகும். 7 ஜிபி காலியாக இல்லாமல் தொடங்காதீர்கள்.

போனில் எதை மாற்ற வேண்டும்?

எல்லாப் போனிலும் ஒரே அளவு: 1080பி, ஒரே ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் பதிகிறது என்பது). ஒன்று 30, மற்றொன்று 60 என்று எடுத்தால் எடிட்டிங்கில் அசைவு வெட்டி வெட்டி ஓடும். போனைப் படுக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஜூம் தொடாதீர்கள், நடந்து கிட்டே போங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் குறுக்கே போகும்போது படம் இருண்டு மறுபடி வெளுக்கும். லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வகுப்பறையில் எடுத்த காட்சியில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடினால் போனில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதியும் நேரம்) 1/60 நொடியில் இருந்தால் அந்த மினுக்கலோடு ஒத்துப்போகாது. கேமராவில் புரோ வீடியோ வசதி இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அது பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

படம் நன்றாக இருக்கிறது, பேச்சுதான் கேட்கவில்லை. ஏன்?

பள்ளிப் படங்களில் கெடுவது பெரும்பாலும் இதுதான். நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் போனின் மைக் பேச்சைவிட அறையைத்தான் அதிகம் பிடிக்கும். இரண்டாவது போன் ஒன்றை ஒலிக்கு மட்டும் ஒதுக்குங்கள். வயர் உள்ள இயர்போனைச் செருகி, அதன் மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே வருமாறு சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டி, போனை நடிப்பவரின் பையில் வைத்து, ஏரோப்ளேன் மோடில் ரெக்கார்டரை ஓட விடுங்கள். துணி மைக்கில் உரசினால் கரகரவென்று கேட்கும். டேப்பால் மைக்கின் இருபுறமும் துணியை ஒட்டிவிட்டால் உரசாது. பட்டுப் பாவாடையும் பாலியெஸ்டர் சட்டையும் பருத்தியைவிட அதிகம் சத்தம் போடும்.

டேக் தொடங்கும்போது பரீட்சை அட்டையில் காட்சி, ஷாட், டேக் எண் எழுதிக் கேமரா முன் காட்டி, வாயாலும் சொல்லி, ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். இரண்டு கையும் சேரும் ஃபிரேமையும் ஒலியில் எழும் கூர்மையான முகட்டையும் எடிட்டிங்கில் ஒன்றாக வைத்தால் உதடும் பேச்சும் பொருந்தும். நீண்ட டேக்கில் போகப்போக உதடு விலகுகிறதென்றால், போன் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வேகத்தை நிலையாக வைத்து மாற்றிக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள். பள்ளி மணி அடிக்கும் நேரங்களைக் கையில் எழுதி வைத்திருங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை 30 நொடி பதியுங்கள். வசனங்களுக்கு இடையே குழி விழும் இடத்தை அடைக்க அது வேண்டும். புதியவர்களோடு நின்று 30 நொடி சிரிக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டம்.

கன்டினியூட்டியில் என்ன பார்ப்பது?

ரிப்பன், பொட்டு, வாட்ச், ஐடி கார்டு, சட்டை உள்ளே விட்டிருக்கிறதா, பை எந்தத் தோளில். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் தலை முதல் கால் வரை ஒரு போட்டோ. வாரத்தில் ஒரு நாள் வேறு சீருடை உள்ள பள்ளி என்றால் அந்த நாளில் ஷூட்டிங் வைக்காதீர்கள். படம் முடியும் வரை நடிப்பவர்கள் முடி வெட்டக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழனிக்கு மொட்டை போட வேண்டுதல் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒருவர் வருவதே இல்லை. ஆசிரியரிடம் சொல்லலாமா?

முதலில் தனியாகக் கேளுங்கள், குழுவில் வேண்டாம். பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல. டேட்டா தீர்ந்திருக்கும், வீட்டில் சம்மதம் இருக்காது, அல்லது முதல் கூட்டத்தில் அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். "உங்க பங்கைச் செய்யுங்க" என்று சொன்னால் நகராது. "வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இந்த ஆறு பொருளையும் கொண்டுவர முடியுமா?" என்றால் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். இரண்டு முறை இல்லை என்றால் மாற்று ஆள் எடுத்துக்கொள்ளட்டும், அப்போது ஆசிரியருக்கும் சொல்லுங்கள். நடித்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டால் அவர் முகம் தெரிந்த ஷாட்டுகளை வைத்தே கதையைச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். மீதியில் முதுகு, கை, குரல் போதும்.

யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும்?

தலைமையாசிரியரிடம் எழுத்தில். செல்போன் கொண்டுவரத் தடை உள்ள பள்ளியானால், எந்த நாள், எந்த நேரம், எத்தனை போன், யார் பொறுப்பு என்று கடிதத்திலேயே இருக்கட்டும். பள்ளி முடிந்ததும் போன்கள் ஆசிரியர் மேசையில் இருந்தால் அடுத்த முறையும் அனுமதி கிடைக்கும். ஆறு பேரின் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். படம் எங்கே காட்டப்படும், வகுப்பில் மட்டுமா, யூடியூபிலுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ரயில் நிலையத்தில் ரயில்வே அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது, அதை ஸ்கிரிப்டிலேயே தவிர்த்துவிடுங்கள்.

படம் திரையிடும் வரை ஒரு கிளிப்கூட வெளியே போகக் கூடாது. ஒருவர் வசனம் மறந்து விழிக்கும் பத்து நொடியை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டால், அவர் அடுத்த நாள் நடிக்க வரமாட்டார்.

கிளிப்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கலாகிறதே?

வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். அதைவிட நல்லது அன்றன்றே கேபிள் போட்டு ஒரு கணினிக்கும் ஒரு பென் டிரைவுக்கும் மாற்றுவது. இரண்டு இடத்தில் திறந்து பார்த்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும். கோப்புப் பெயரில் காட்சி, ஷாட், டேக் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

எடிட்டிங் ஒருவர் தலையிலேயே விழுகிறது.

விழத்தான் செய்யும், ஒரு கணினிதானே. ஆனால் எந்த டேக் நல்லது என்று குறிப்பது மற்ற ஐந்து பேரின் வேலை. ஷூட்டிங் நாளிலேயே நோட்டில் ஒவ்வொரு டேக்குக்கும் எதிரே சரி, தப்பு, ஏன் தப்பு என்று எழுதியிருந்தால் 160 டேக்கை அவர் ஒற்றையாளாகப் பார்க்க வேண்டியதில்லை. முதல் வெட்டு (ஷாட்டுகளை வெட்டி ஒட்டிய முதல் வடிவம்) இசை இல்லாமல், ஆறு பேரும் சேர்ந்து பார்ப்பது. இரண்டாம் வெட்டோடு கருத்துச் சொல்வதை நிறுத்திவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், ஆனால் வலுவான கணினி வேண்டும். கைன்மாஸ்டர் போனில் ஓடும், இலவசப் பதிப்பில் அதன் முத்திரை படத்தின் மேலேயே நிற்கும்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது.

"கொ" என்று அடித்தால் ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து வேறு இடத்தில் நிற்கிறது என்றால் அந்தச் செயலிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. வேறு இடத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் டைட்டிலை எழுதிப் படமாகச் சேமித்து, அதைச் செருகிவிடுங்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் படம் பிடிப்பது இன்னும் சுலபம். பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். இனிஷியலோடு ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக் கொடுக்கட்டும்.

சினிமாப் பாட்டு போடலாமா?

யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்து உரிமையாளருக்குச் சொல்லிவிடும். சில சமயம் படமே முடங்கும். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் உள்ளதை எடுங்கள், அல்லது குழுவில் யாராவது வாசித்தால் அதைப் பதியுங்கள். இசை வசனத்தை விழுங்கக் கூடாது.

திரையிடும் நாளில் எதெல்லாம் காலை வாரும்?

போனில் ஓடிய கோப்பு பள்ளிக் கணினியில் கறுப்பாக வருவது. எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் சேமித்திருப்பீர்கள். எச்.264, எம்பி4, நொடிக்கு 10 மெகாபிட் என்று வெளியே எடுத்தால் நான்கு நிமிடம் சுமார் 300 எம்பி, எங்கும் ஓடும். முந்தின நாளே புரொஜெக்டரில் போட்டுப் பார்த்து, கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து ஒலி கேட்கிறதா என்று சொல்லட்டும். ஜன்னலை மூடினால் படம் தெரியும், ஃபேனை நிறுத்தினால் பேச்சு கேட்கும், இரண்டையும் சேர்த்துச் செய்தால் அறை வேகும். ஆகவே உங்கள் படத்தை முதல் படமாக, காலை நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.